எழுவான்கரை, படுவான்கரை: மட்டக்களப்புக்கு முதன்முறை வருபவர்களுக்கு

பாடசாலை விடுமுறை நெருங்கினால் எங்கள் வீட்டுத் தொலைபேசி ஓயாது. யாழ்ப்பாணத்து மாமி, சென்னையில் இருக்கும் பழைய நண்பர், ரொறன்ரோவில் குடியேறிவிட்ட சித்தப்பா பிள்ளைகள் என்று யார் அழைத்தாலும் கேள்வி ஒன்றுதான்: "பாசிக்குடா பார்க்க இரண்டு நாள் போதும்தானே?" பாசிக்குடாக் கடற்கரையை மட்டும் பார்க்க ஒரு பகலே போதும். அதற்காக எட்டு மணி நேரம் பயணம் செய்து வரத் தேவையில்லை என்று சொல்லிவிடுவேன். சிலருக்குக் கோபம் வரும். வந்து பார்த்த பிறகு தணிந்துவிடும்.

மட்டக்களப்பு நகரை ஒட்டிய கல்லடியில் பிறந்து, கல்லடியிலேயே இருந்து, இருபது வருடங்களாக வீட்டுக்கு வரும் விருந்தாளிகளை ஊர் சுற்றிக்காட்டிய அனுபவத்தில் இதை எழுதுகிறேன். மட்டக்களப்பில் கடல் இரண்டாமிடம்தான். முதலிடம் வாவிக்கு. வடக்கிலிருந்து தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கும் இந்த நீர்தான் ஊரை இரண்டாகப் பிரிக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கும் மணற்பகுதி எழுவான்கரை. சூரியன் எழும் பக்கம். வாவிக்கு மேற்கே வயலும் காடும் மாட்டுப்பட்டியுமாக விரியும் நிலம் படுவான்கரை. சூரியன் படும் பக்கம். யாரிடம் வழி கேட்டாலும் இந்த இரண்டு சொற்களும் வந்து விழும். வருவதற்கு முன்பே இவற்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள்.

முதலாவது வேலை: மாதத்தைத் தெரிவு செய்வது

விடுதியையும் டிக்கெட்டையும் பார்ப்பதற்கு முன் நாட்காட்டியைப் பாருங்கள். இலங்கையின் மேற்கிலும் தெற்கிலும் மழை பெய்யும் மே, ஜூன் மாதங்களில் கிழக்கில் வெயில் எரிக்கும். அங்கே வெயிலடிக்கும் டிசம்பரில் எங்களுக்கு மாரி. இந்த எளிய கணக்குத் தெரியாமல் ஒரு முறை உறவினர் குடும்பமொன்று டிசம்பர் கடைசி வாரத்தில் வந்து இறங்கியது. தடுக்காமல் விட்ட தவறு என்னுடையது. ஐந்து நாளும் வாடைக் காற்றும் அடைமழையும். பிள்ளைகள் எங்கள் வீட்டு விறாந்தையில் இருந்து கரம் விளையாடிவிட்டுத் திரும்பிப் போனார்கள். இன்றைக்கும் அவர்களுக்கு மட்டக்களப்பு என்றால் கரம் பலகைதான்.

ஆகவே நவம்பர் முதல் ஜனவரி முடியும்வரை தவிர்த்துவிடுங்கள். பெப்ரவரி நடுப்பகுதியில் வயல்கள் அறுவடைக்கு நிற்கும். வெயிலும் கடுமையாக இராது. கடல் முழுமையாகப் படிவது ஏப்ரலில். அதிலிருந்து செப்டெம்பர் வரை கடற்குளிப்புக்கும் படகுக்கும் உகந்த காலம். ஜூன், ஜூலையில் கச்சான் காற்று வீசும். மேற்கிலிருந்து காய்ந்து வரும் அந்தக் காற்று நடுப்பகலில் உதட்டை வெடிக்க வைக்கும். ஆனால் கிழக்குக் கரையோரக் கடலைப் பெரும்பாலும் அமைதியாக வைத்திருக்கும். தெற்கே அறுகம் குடாவில் அலைச்சறுக்கு விளையாடுவதானால் ஏப்ரல் முதல் ஒக்டோபர் வரை. அதற்கும் தெற்கே குமண தேசிய பூங்காவில் நீர்ப்பறவைகள் கூடு கட்டுவதைப் பார்க்க வேண்டுமானால் மே, ஜூன்.

இன்னொன்று: உங்கள் பயணத்துக்குள் ஒரு பூரணை நாள் விழுமாறு பார்த்துக்கொள்ளுங்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். பூரணைக்கு முந்தின நாள் பஸ்ஸிலும் ரயிலிலும் நிற்க இடம் கிடைக்காது; இரண்டு நாள் முன்னதாகவே வந்துவிடுவது நல்லது. பூரணையன்று நாடு முழுவதும் மதுக்கடைகள் பூட்டியிருக்கும். எனக்கு அதில் வருத்தமில்லை, அன்றிரவு வாவிக்கரை அமைதியாக இருக்கும்.

இரண்டாவது: வந்து சேர்வது

கொழும்பு கோட்டையிலிருந்து மட்டக்களப்புக்கு நேரடி ரயில் உண்டு. பகலில் வருவது உதயதேவி, இரவில் வருவது மீனகயா. முதன்முறை வருபவர்களுக்குப் பகல் ரயிலைத்தான் சொல்வேன். வெலிக்கந்தை தாண்டிய பிறகு சன்னலோரம் இருங்கள். காடு மெல்லக் குறைந்து வயலாகி, வாழைச்சேனையில் நீர் தெரியத் தொடங்கும். பாசிக்குடாவில் தங்குபவர்கள் வாழைச்சேனையிலோ கல்குடாவிலோ இறங்கலாம், நகரம்வரை வந்து திரும்பவும் வடக்கே போக வேண்டியதில்லை. முற்பதிவு ஆசனங்கள் விடுமுறைக் காலத்தில் வேகமாகத் தீர்ந்துவிடும். கிடைக்காவிட்டால் கொழும்பிலிருந்து இரவு பஸ் இருக்கிறது. விடியற்காலையில் கொண்டுவந்து இறக்கிவிடும். யாழ்ப்பாணத்திலிருந்தும் திருகோணமலையிலிருந்தும் வருபவர்களுக்கும் பஸ்தான் வசதி.

ஊருக்குள் ஓட்டோ போதும். ஏறுமுன் கட்டணம் பேசிக்கொள்ளுங்கள். மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுப்பவர்கள் சாரதி அனுமதிப்பத்திரத்தையும் தலைக்கவசத்தையும் மறக்க வேண்டாம். நான் சைக்கிளையே விரும்புவேன். மட்டக்களப்பு மேசை போல் சமதரை. அரை நாளில் சைக்கிளில் சுற்றுவதைக் காரில் ஒரு நாளிலும் பார்க்க முடியாது.

தங்குவதற்கு நகரத்திலோ கல்லடியிலோ மூன்று இரவு, பாசிக்குடாப் பக்கம் ஓர் இரவு, தெற்கே அறுகம் குடாவில் இரண்டு இரவு என்று பிரித்துக்கொண்டால் பதற்றமில்லாமல் பார்க்கலாம். பலர் ஆறு இரவையும் கடற்கரை விடுதியிலேயே கழிக்கிறார்கள். அது அவர்கள் பணம்.

மூன்றாவது: முதல் நாள் நடந்து பாருங்கள்

மாலை நான்கு மணிக்குப் புறப்படுங்கள். நகரத்தின் பழைய பகுதியான புளியந்தீவு பெயருக்கேற்ற தீவுதான். சுற்றிலும் நீர், இடையிடையே பாலங்கள். காந்தி பூங்காவிலிருந்து தொடங்கலாம். அங்கே வாவியோரமாக நிற்கும் வாயில், 1814இல் மெதடிஸ்த மிஷனரி வில்லியம் ஓல்ட் வந்திறங்கிய இடம் என்று காட்டப்படுவது. அதே ஆண்டில் அவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி. ஊரின் பாதி அலுவலகங்களில் அதன் பழைய மாணவர் ஒருவராவது இருப்பார். மிச்சப் பாதியில் புனித மிக்கேல் கல்லூரிக்காரர்கள். இருவர் இருக்குமிடத்தில் கிரிக்கெட்டைப் பற்றிப் பேச்செடுத்தால் உங்கள் மாலை முடிந்தது.

பூங்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் கோட்டை. 1628இல் போர்த்துக்கீசர் கட்டி, பத்தே ஆண்டில் ஒல்லாந்தரிடம் பறிகொடுத்தது. இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. உயரமும் அலங்காரமும் கிடையாது, காலியின் பெரிய கோட்டையைப் பார்த்துவிட்டு வருபவர்கள் "இவ்வளவுதானா?" என்பார்கள். கொத்தளத்தில் ஏறி வாவியைப் பாருங்கள், போர்த்துக்கீசர் ஏன் இந்த இடத்தைத் தெரிந்தெடுத்தார்கள் என்பது உடனே புரியும். வாவி வழியே வரும் எந்தத் தோணியும் இந்தச் சுவரின் கண்ணில் படாமல் நகருக்குள் நுழைய முடியாது.

அங்கிருந்து ஓட்டோவில் கல்லடிப் பாலம். பிரித்தானியர் காலத்து இரும்புப் பாலமும் 2013இல் திறந்த புதிய பாலமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. வாகனங்களெல்லாம் புதிய பாலத்தில் ஓடுகின்றன. பழைய பாலம் மாலை நேரத்தில் எங்களுடையது: தூண்டில் போடுபவர்கள், நடை பழகும் வயோதிபர்கள், படம் எடுத்துக்கொள்ளும் புதுமணத் தம்பதிகள். பாலத்தைக் கடந்து வந்தால் சிவானந்தா வித்தியாலய வளவில் சுவாமி விபுலானந்தரின் சமாதி. 1892இல் காரைதீவில் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் பின்னர் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியராக இருந்து, 1947இல் மறைந்தவர். தமிழ்நாட்டிலிருந்து வருபவர்கள் பெரும்பாலும் இவர் இங்கே துயில்கிறார் என்பதை அறியாமலே திரும்பிவிடுகிறார்கள். பாடசாலை நேரமாக இருந்தால் வாயிலில் அனுமதி கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.

இருட்டுவதற்குள் கல்லடிக் கடற்கரை. அங்கே திருச்செந்தூர் முருகன் கோயிலில் 2004 சுனாமியில் சரிந்த கோபுரத்தைக் காண்பீர்கள். இந்தக் கரையில் அன்று எங்கள் தெருவிலும் பல வீடுகள் போயின. கோபுரத்தின் முன்னால் நின்று சிரித்துப் படம் எடுக்க வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். குளிக்கவும் வேண்டாம்; கல்லடிக் கடல் பார்க்கச் சாதுவாக இருந்தாலும் அடியில் இழுக்கும். காற்று வாங்கலாம், கடலை கொறிக்கலாம்.

நான்காவது: இரவில் வாவிக்குப் போங்கள்

'மீன் பாடும் தேனாடு' என்ற பட்டத்தைக் கேட்டுவிட்டு வருபவர்கள் இரண்டு வகை. ஒரு கூட்டம் அது வெறும் கட்டுக்கதை என்று சிரிக்கும். மற்றக் கூட்டம் பாலத்தில் நின்று காதைத் தீட்டிக்கொண்டு, ஒன்றும் கேட்கவில்லை என்று ஏமாறும். கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது.

ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரையான மாதங்களில், பூரணையை ஒட்டிய இரவொன்றைத் தெரிந்தெடுங்கள். காற்று அடங்கியிருக்க வேண்டும். கல்லடிப் பாலத்தடியில் மீன்பிடித் தோணி வைத்திருக்கும் ஒருவரை மாலையிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள். துடுப்புத் தோணியாக இருந்தால் மேல். இயந்திரப் படகானால் பாலத்துக்கு அருகே போனதும் இயந்திரத்தை நிறுத்தச் சொல்லுங்கள். தோணி தானாக மிதந்து நிற்கட்டும். பிறகு துடுப்பின் தட்டையான முனையை நீருக்குள் விட்டு, மறுமுனையைக் காதோடு ஒட்டி வையுங்கள். துடுப்பு இல்லாவிட்டால் தோணியின் விளிம்புப் பலகையில் காதை வைக்கலாம்.

முதலில் கேட்பது உங்கள் நாடித்துடிப்பு. பொறுமையாக இருங்கள். சிறிது நேரத்தில் தந்தியொன்றை மெல்ல மீட்டி விட்டதுபோல ஒரு தொனி, அதற்கு மேல் வேறொரு சுருதியில் இன்னொன்று, நடுவே தவளை கத்துவதைப் போன்ற கரகரப்பு. பாட்டு என்று நினைத்துக்கொண்டு போனால் ஏமாற்றம்தான், சுருதி சேர்ப்பதைக் கேட்பதுபோல இருக்கும். 1848இல் இங்கே இரவில் படகில் போன பிரித்தானிய அதிகாரி எமர்சன் டெனன்ட், நனைந்த விரலால் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் ஒலியோடு இதை ஒப்பிட்டார். படகின் மரத்தில் காதை வைத்ததும் ஒலி பெருகியதையும் அவர் எழுதியிருக்கிறார். மீனா, சிப்பியா, எது எழுப்புகிறது என்ற வழக்கு அன்றிலிருந்து இன்றுவரை தீரவில்லை. பழைய ஆட்கள் ஊரி பாடுகிறது என்பார்கள். ஊரி என்றால் சங்கு, சிப்பி வகை. விபுலானந்தர் நீரரமகளிர், அதாவது நீரில் வாழும் தேவமங்கையர், என்று எழுதினார். என் அப்பாவுக்கு அது மீன்தான். அதில் அவர் எந்த வாதத்துக்கும் இடம் கொடுத்ததில்லை.

எல்லா இரவிலும் கேட்காது. நான் போன இரவுகளில் பாதிக்கு மேல் கொசுக்கடியோடு திரும்பியிருக்கிறேன். 'நிச்சயம் கேட்கும்' என்று சத்தியம் செய்து பணம் கேட்பவரோடு போகாதீர்கள். உயிர்காப்பு அங்கி இல்லாத தோணியில் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். வாவியில் முதலை உண்டு. கையை நீருக்குள் தொங்கவிட்டுக்கொண்டு போவது கவிதைக்கு அழகு, விரலுக்கு ஆபத்து.

இரவு முடியாதவர்கள் பகலில் முகத்துவாரம் பக்கம் படகுப் பயணம் போகலாம். வாவி கடலோடு சேரும் அந்த இடத்தில், பாலமீன்மடுவில், 1913இல் கட்டிய வெளிச்சவீடு நிற்கிறது. 28 மீற்றர் உயரம். சுற்றியுள்ள கண்டல் காட்டுக்குள் படகு நுழையும்போது கொக்கும் நீர்க்காகமும் கிளையில் இருந்து அசையாமல் பார்க்கும். முகத்துவாரத்தில் எந்தக் காலத்திலும் இறங்கிக் குளிக்கக் கூடாது. அங்கே நீரோட்டம் கணத்தில் திசை மாறும்.

ஐந்தாவது: பாதை ஏறிப் படுவான்கரைக்கு

'பாதை' என்றால் இங்கே வழி மட்டுமில்லை. வாவியைக் கடக்கும் மிதவைக்கும் அதுவே பெயர். மோட்டார் சைக்கிளும் மாடும் மணமக்களும் ஒன்றாக ஏறிப் போகும் தட்டையான தளம் அது. "பாதை போய்விட்டதா?" என்று ஒருவர் கேட்டால் திகைக்காதீர்கள்.

முன்பு கொக்கட்டிச்சோலைக்குப் போகவும் மண்முனையில் பாதைதான் ஏற வேண்டியிருந்தது. 2014இல் பாலம் வந்த பிறகு ஓட்டோவிலேயே போகலாம். வசதிதான், ஆனாலும் பாதையில் ஏறிப் பார்க்காமல் போவது எனக்குச் சம்மதமில்லை. அதற்குக் குருமண்வெளிக்குப் போங்கள். களுவாஞ்சிக்குடியைத் தாண்டி, வாவிக்கரையில் இருக்கிறது. அங்கிருந்து மண்டூருக்கு இயந்திரப் பாதை ஓடுகிறது. காலை ஏழு மணியளவில் போனால் ஆசிரியர்களும் மீன் வியாபாரிகளும் உங்களோடு வருவார்கள். பத்துக் கேள்வி கேட்பார்கள்: எந்த ஊர், யார் வீட்டுக்கு, சாப்பிட்டாயிற்றா. மூன்றாவது கேள்விக்குப் பதிலை யோசித்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் யாரோ ஒருவர் வீட்டில் பிட்டும் மீன் ஆணமும் காத்திருக்கும்.

மண்டூர் முருகன் கோயிலைச் சின்னக் கதிர்காமம் என்பார்கள். பூசை செய்பவர் கப்புகனார். வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரமின்றிச் செய்வார். மூலத்தானம் திரையிட்டிருக்கும். கோபுரத்தையும் சிற்பத்தையும் எதிர்பார்த்து வருபவர்களுக்கு இங்கே அதிகமில்லை. ஆண்கள் மேற்சட்டையைக் கழற்ற வேண்டும். வேட்டி கொண்டுவந்தால் நல்லது. அன்று மச்சம் (மீன், இறைச்சி) சாப்பிட்டிருந்தால் வெளி வீதியிலேயே நின்றுகொள்வதுதான் ஊர் முறை.

திரும்பும்போது படுவான்கரை வழியாகவே வடக்கே வந்து கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீச்சரத்தைப் பார்க்கலாம். கொக்கட்டி மரத்தடியில் லிங்கம் தானாகத் தோன்றியதாகக் கதை. ஊரார் அதைவிடப் பெருமையாகச் சொல்வது நந்தியின் கதை: கோயிலை இடிக்க வந்த போர்த்துக்கீசத் தளபதி, "இந்தக் கல் மாடு புல் தின்னுமா?" என்று கேலி செய்ய, நந்தி எழுந்து புல்லைத் தின்று சாணமும் போட்டதாம். சாணத்தைச் சொல்லாமல் கதையை முடிப்பவர் படுவான்கரைக்காரர் இல்லை.

அறுவடை முடிந்த மாதங்களில் வந்தால் எந்த ஊரிலாவது கூத்து அரங்கேற்றம் உண்டா என்று பாதையிலும் தேநீர்க் கடையிலும் விசாரியுங்கள். வடமோடி, தென்மோடி என்று இரண்டு மரபு. ஆட்டமும் தாளமும் உடுப்பும் வேறு வேறு. வட்டக் களரியைச் சுற்றி மண்ணில் பாய் விரித்து, விடியும்வரை பார்ப்பார்கள். டிக்கெட் கிடையாது. பாயையும் ஒரு போர்வையையும் நீங்கள் கொண்டுபோனால் போதும். நடுச்சாமத்தில் தூங்கிவிழுந்தாலும் யாரும் குறை நினைக்கமாட்டார்கள், விடியும் முன் எழுப்பிவிடுவார்கள். கடைசிப் பகுதியைத் தவறவிட்டால்தான் குற்றம்.

ஆறாவது: இனிப் பாசிக்குடா

நகரிலிருந்து வடக்கே முப்பது கிலோமீற்றருக்குச் சற்றே கூட. வாழைச்சேனை பஸ்ஸில் வந்து ஓட்டோ பிடிக்கலாம். இந்தக் குடாவின் சிறப்பு ஆழமின்மை. வெளியே பவளப்பாறை அலையை உடைத்துவிடுவதால் உள்ளே நீர் குளம் போல் கிடக்கும். நூறு மீற்றருக்கும் மேல் நடந்தாலும் இடுப்பளவைத் தாண்டாத இடங்கள் உண்டு. நீந்தத் தெரியாதவர்கள், பிள்ளைகள், கடலுக்குப் பயந்த பாட்டிகள் எல்லோரும் இறங்கக்கூடிய கடல் இது. நன்றாக நீந்துபவர்களுக்கு அரை மணியில் அலுத்துவிடும்.

போகும் நேரம் முக்கியம். காலை ஆறரைக்கு நீரில் இருங்கள், ஒன்பதரைக்கு வெளியே வாருங்கள். அதன் பிறகு வெயில் மணலைச் சுடவைத்துவிடும். சனி, ஞாயிறானால் பஸ் பஸ்ஸாகச் சுற்றுலாக் கூட்டம் வந்து இறங்கும். பொதுக் கடற்கரைப் பக்கம் உடைமாற்றும் அறையும் சாப்பாட்டுக் கடைகளும் உண்டு. நட்சத்திர விடுதிகள் நிற்கும் பக்கத்திலும் கடற்கரை எல்லோருக்கும் பொதுவானதே. பொதுவழியால் மணலுக்கு வந்து தாராளமாக நடக்கலாம்.

பவளப்பாறை பார்க்க, மூழ்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டு படகில் போகலாம். என் சொந்த அனுபவம் ஒன்று. குடும்பமாக ஐவர் போனோம். படகோட்டி சொன்ன தொகைக்குத் தலையாட்டி ஏறினோம். கரைக்கு வந்ததும் "அது ஆளுக்கு" என்றார். நான் படகுக்கு என்று நினைத்திருந்தேன். ஐந்து மடங்கு கொடுத்துவிட்டு வந்தேன். அன்றிலிருந்து மூன்று கேள்வி கேட்காமல் ஏறுவதில்லை: படகுக்கா ஆளுக்கா, எவ்வளவு நேரம், கண்ணாடிக்கும் அங்கிக்கும் வேறு கட்டணமா. பவளத்தின் மேல் கால் ஊன்றாதீர்கள். உங்கள் பாதமும் கிழியும், பல ஆண்டு வளர்ந்த பவளமும் முறியும். 2016இல் கடல் சூடேறி இந்தப் பக்கத்துப் பவளங்களில் பெரும்பகுதி வெளுத்துப்போனது, மிஞ்சியதை மிதிக்கலாமா?

கூட்டம் ஒவ்வாதவர்கள் அடுத்த குடாவான கல்குடாவுக்குப் போங்கள். மணல் நீளம், ஆள் குறைவு. ஆனால் ஆழம் சட்டென்று கூடும், உயிர்காப்பாளர் எப்போதும் இருப்பார் என்று நம்ப முடியாது. கரையோரமாகக் கால் நனைத்துக்கொண்டு நடப்பதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

ஆழ்கடல் முக்குளிப்புப் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. 1942 ஏப்ரல் 9ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஹெர்மிஸ் மட்டக்களப்புக்கு நேரே கடலடியில் கிடக்கிறது. ஐம்பது மீற்றருக்கும் மேல் ஆழம். சாதாரண முக்குளிப்புச் சான்றிதழ் வைத்திருப்பவருக்குரிய இடமில்லை. 300க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்த கப்பல் அது. எதையும் எடுத்துவரக் கூடாது.

ஏழாவது: தெற்கே, அம்பாறைக் கரையோரம்

மட்டக்களப்பிலிருந்து பொத்துவிலுக்கு நூறு கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேலாகும். நேரே ஓடிப்போகாமல் இறங்கி இறங்கிப் போங்கள். தமிழ் ஊரும் முஸ்லிம் ஊரும் மாறி மாறி வரும். பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று இதைச் சொல்வார்கள். குழலில் பிட்டு அவித்தவர்களுக்கு அந்த உவமை விளங்கும்.

காத்தான்குடியில் நெடுஞ்சாலை நடுவே பேரீச்ச மரங்கள் நிற்கும். பூர்வீக நூதனசாலையில் (அருங்காட்சியகம்) ஒரு மணி நேரம் செலவிடலாம். வெள்ளிக்கிழமை நண்பகலில் வந்தால் ஜும்ஆத் தொழுகைக்காகக் கடைகள் பூட்டியிருக்கும். நேரத்தைப் பார்த்து வாருங்கள். தோளும் முழங்காலும் மூடிய உடை அணிவது இந்த ஊர்களில் மரியாதை. மருதமுனையில் கைத்தறிச் சாரமும் சேலையும் வாங்கலாம். நெய்பவர்களின் வீட்டிலேயே தறியைப் பார்த்துவிட்டு வாங்கினால் விலை பேச மனம் வராது. காரைதீவு விபுலானந்தர் பிறந்த ஊர். அக்கரைப்பற்று தாண்டினால் திருக்கோவிலில் கடலை நோக்கி நிற்கும் சித்திரவேலாயுதர் ஆலயம். கோமாரி என்ற ஊர் வந்துவிட்டால் நெரிசலும் கடைகளும் ஓய்ந்து, வெட்டவெளி தொடங்கும்.

வெளிநாட்டார் அறுகம் பே என்று அழைக்கும் இடத்தை ஊரார் உல்லை என்பார்கள். அலைச்சறுக்கு கற்றுக்கொள்ள ஆசையுள்ளவர்கள் முதல் நாளே பெரிய முனைக்குப் போகாதீர்கள். அங்கே பாறைத் தரை. பழகியவர்களின் வரிசைக்குள் புதியவர் புகுந்தால் ஏச்சும் கிடைக்கும், காயமும் கிடைக்கும். பக்கத்திலிருக்கும் 'பேபி பொயின்ட்', அல்லது வடக்கே 'விஸ்கி பொயின்ட்' புதியவர்களுக்கு ஏற்றவை. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மென்மையான பலகை கேளுங்கள். காலையில் காற்று எழுமுன் இரண்டு மணி நேரம் போதும். முதல் வகுப்பில் எழுந்து நிற்பீர்களோ இல்லையோ, எவ்வளவு உப்புநீர் குடிக்கலாம் என்பதைத் தெரிந்துகொள்வீர்கள். ஜூலை, ஓகஸ்ட்டில் அலையும் பெரிது, கூட்டமும் பெரிது. கற்பதற்கு ஏப்ரல், மே நல்லது. பலகை ஏறாதவர்கள் பொத்துவில் களப்பில் மீனவர்களின் தோணியில் கண்டல் காட்டைச் சுற்றி வரலாம்.

விடியற்காலை நாலரைக்கு எழும்ப முடிந்தால் ஒரு ஜீப் பேசி, பாணமை வழியாக உகந்தைக்குப் போங்கள். முப்பது கிலோமீற்றரளவு. கடலோரப் பாறையடியில் முருகன் கோயில்; கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகும் அடியார்கள் காட்டுக்குள் நுழைவது இங்கிருந்துதான். அதே இடத்தில் குமண தேசிய பூங்காவின் வாயில். வில்லு என்று அழைக்கப்படும் சதுப்பு நீர்நிலையில் கூழைக்கடாவும் நாரைகளும் நிறையும். சிறுத்தை தென்பட்டால் அதிர்ஷ்டம். தென்படவில்லை என்று ஓட்டுநரை நச்சரிக்காதீர்கள். வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு நுழைவுக் கட்டணம் பல மடங்கு கூடும். பிறந்தது மட்டக்களப்பு வந்தாறுமூலையாக இருந்தாலும் கடவுச்சீட்டு கனடாவுடையதென்றால் கனடாக் கட்டணம்தான். வாயிலில் நின்று வாதாடிப் பலனில்லை.

லகுகல வழியாக மொனறாகலைக்குப் போகிறவர்கள் பொழுது சாயுமுன் அந்தப் பாதையைக் கடந்துவிடுங்கள். யானை குறுக்கே நிற்கும். ஒலிப்பான் அடிக்காமல், இறங்காமல், தூரத்திலேயே நிறுத்திக் காத்திருப்பது ஒன்றே வழி. யானையைத்தான் பார்க்க வேண்டுமானால் அம்பாறைக்கு உள்ளே இங்கினியாகலை போய், கல்லோயா பூங்காவின் சேனநாயக்க சமுத்திரத்தில் படகேறலாம். தீவுக்குத் தீவு யானைகள் நீந்திப் போவதை அங்கே சில வேளை காணலாம். அதற்குத் தனியாக ஒரு நாள் வேண்டும்.

கைச்செலவும் வாய்ச்செலவும்

நகரங்களில் பணம் எடுக்கும் இயந்திரம் உண்டு, பாணமைக்கு அப்பால் நம்ப வேண்டாம். படுவான்கரைக்கும் குமணவுக்கும் போகும்போது சில்லறையாகவே வைத்திருங்கள். அவசர அம்புலன்ஸுக்கு 1990, பொலிசுக்கு 119. மாலையானதும் கொசுவுக்குப் பூசிக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டில் விடுதியின் வெளிநாட்டுப் பட்டியலைத் தள்ளிவிட்டு, காலையில் பாலப்பம் அல்லது பிட்டு, மத்தியானம் மீன் சோறு என்று வையுங்கள். வாவி இறாலும் நண்டும் கடலில் பிடிபடுவதைவிட இனிக்கும் என்பது எங்கள் கட்சி. கூனியை விட்டுவிடாதீர்கள். விரல் நகமளவுகூட இல்லாத அந்தச் சின்ன இறாலைத் தேங்காய்ப்பூவோடு சுண்டிச் சோற்றில் பிசைந்தால் வேறு கறி தேவைப்படாது. இனிப்புக்குக் காத்தான்குடிப் பக்கம் வட்டிலப்பமும் தொதலும் கிடைக்கும்.

புறப்படும் நாள் காலையில் சந்தைக்குப் போய் எருமைத் தயிர்ச் சட்டியொன்று வாங்குங்கள். மூடியிருக்கும் தாளை விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தால் தயிர் இறுகியிருக்கிறதா என்று தெரியும். கடைக்காரரே அழுத்திக் காட்டுவார். கயிற்றுப் பிடியால் தூக்கிக்கொண்டு ரயிலேறி, சட்டியைக் காலடியில் வையுங்கள். மேல் தட்டில் வைக்காதீர்கள். ஒரு முறை வெலிக்கந்தைக்குப் பக்கத்தில் ரயில் குலுங்கி, மேல் தட்டிலிருந்த எங்கள் சட்டி கீழே இருந்த ஒருவரின் வெள்ளைச் சட்டையில் கவிழ்ந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. விரலால் தொட்டு நாவில் வைத்துப் பார்த்துவிட்டு, எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று மட்டும் கேட்டார்.